ஏழு கோடி வருஷத்துத் தண்ணீர்

ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிடும்வரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் உட்கார்ந்திருக்கணும், நல்லா முட்டினாத்தான் உள்ளே இருக்கிறது தெளிவாத் தெரியும் என்று ஸ்கேன் சென்டர் சிஸ்டர் சொன்னபோது, கலியபெருமாள் இதென்ன பெரிய வித்தை என்கிற மாதிரிதான் தலையை ஆட்டினார். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்தோரு வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். உட்கார்ந்திருப்பதற்கென்றே சம்பளம் வாங்கின மனுஷன். அது பத்தேகாலுக்கு. இப்போது சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. அந்தக் கடிகாரத்தின் முள்ளும் அவரைப் போலவே எதையோ அடக்கிக்கொண்டு நகர்வதாகத் தெரிந்தது. அவருக்கு முன்னால் போக வேண்டியவர்கள் இரண்டே பேர் என்றார்கள், ஆனால் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை என்று கதவில் ஒட்டியிருந்தது, அரியலூர் ஜில்லாவில் இருக்கிற கர்ப்பிணிகள் அத்தனை பேரும் இன்றைக்கென்று பார்த்துக் கிளம்பி வந்திருந்தார்கள். குறை சொல்லவும் முடியாது, அதுகளும் தண்ணீரைக் குடித்துவிட்டு அவரைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பக்கத்து நாற்காலியில் அவர் சம்சாரம் தையல்நாயகி மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, பைக்குள்ளே இருக்கிற எக்ஸ்ரே கவரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எக்ஸ்ரேயில்தான் இருக்கிறது அது. டாக்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்து, 'இங்க ஒரு நிழல் தெரியுது பாருங்க. கல்லா இருந்தா ஒரு பயமும் இல்ல. வேற எதுவுமான்னு ஸ்கேன்ல பாத்துருவோம்' என்றார். கல்லா இருந்தா. வேற எதுவுமான்னு. மூன்று நாளாக கலியபெருமாள் சோற்றைப் பிசையும்போதும், கண்ணாடி முன்னால் நின்று மீசையை வெட்டும்போதும், அந்த 'வேற எதுவும்' பல்லிடுக்கில் மாட்டின தேங்காய் நார் மாதிரி நாக்குக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. அறுபத்தொன்பது வயசில் ஒரு மனுஷன் காளியம்மன் கோயில் வாசலில் நின்று, தாயே, வயித்துக்குள்ள கல்லைக் கொடு என்று வேண்டிக்கொண்டது அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

முட்டுவதை நினைக்காமல் இருந்தால் முட்டாது என்று அவர் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார், அதன்படி வேறு எதையாவது பார்க்கலாம் என்று கண்ணைத் திருப்பினால் எதிரே மீன்தொட்டி. எந்தப் புண்ணியவான் இங்கே மீன்தொட்டி வைக்கச் சொன்னானோ, குளுகுளுவென்று தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அடியில் நீல நிற ஜல்லி, ஜல்லி மேலே ஒரு பிளாஸ்டிக் சிப்பி. காற்று நிறைய நிறைய அது மெதுவாக வாயைத் திறந்து ஒரு கொத்து குமிழியை விட்டுவிட்டு டப்பென்று மூடிக்கொண்டது. திறக்கும், விடும், மூடும். எத்தனை சுகமாக விடுகிறது. கலியபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் சிப்பிதான். அவர் பிழைப்பே சிப்பியோடு அல்லவா. சுரங்கத்து விளிம்பில் அவருடைய தகரக் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் ஓடை, ஓடையில் மழை பெய்து மண் கரைந்தால் போதும், உளுந்து காயப்போட்ட மாதிரி கல்லுச் சிப்பி வெளியே வந்து கிடக்கும். உள்ளங்கை அகலம், கொக்கி மாதிரி வளைந்த மூக்கு, மேலே ஏடு ஏடாக மடிப்பு. வருஷா வருஷம் மார்கழிப் பனியில் திருச்சியிலிருந்து ஒரு காலேஜ் வண்டி வரும், அதிலிருந்து நிலோஃபர் மேடம் ஒரு சுத்தியலும் ஒரு தொப்பியுமாக இறங்குவாள், பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துக்கொண்டு வகுப்பு எடுப்பாள். இருபது வருஷம் கேட்டதில் அந்த வகுப்பு கலியபெருமாளுக்கு மாரியம்மன் தாலாட்டு மாதிரி மனப்பாடம். இங்க ஆழமில்லாத கடல் இருந்துச்சு. சிப்பிக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவுல மிதந்து வரும், ஒரு கெட்டியான இடம் கெடைச்சா ஒட்டிக்கும், அப்புறம் சாகறவரைக்கும் இடம் மாறாது. 'அப்ப வாட்ச்மேன் உத்தியோகம்னு சொல்லுங்க மேடம்' என்பார் இவர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, பிள்ளைகள் சிரிக்கும், மேடமும் சிரிப்பாள், அதுவும் வகுப்பில் ஒரு பகுதியாகிவிட்டது. கடல் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுத்து வீட்டைக் கட்டும், ஏட்டு மேல ஏடு. சிப்பிக்கு வாயைத் திறக்கறதுக்குப் பலம் வேண்டாம் பிள்ளைங்களா, மூடி வைக்கறதுக்குத்தான் பலம் வேணும். ஒரே ஒரு தசைதான் அதுக்கு. உசிரு இருக்கறவரைக்கும் இழுத்துப் பிடிச்சிருக்கும், விட்டுச்சுன்னா ஓடு தன்னால திறந்துக்கும். ஐயோ மேடம், இதை இப்போதா நினைக்க வேண்டும். ஒரே ஒரு தசை. கலியபெருமாள் கால்மேல் கால் போட்டார், பிறகு அந்தக் காலை இறக்கி இந்தக் காலைப் போட்டார். இருபது வருஷம் கேட்டும் அந்தத் தசையின் அருமை இன்றைக்கு, இந்த நாற்காலியில்தான் அவருக்கு விளங்கிற்று.

'ஆடாம உக்காருங்க' என்றாள் தையல்நாயகி. 'ஆடலை, ஆத்திரத்துக்கு அசையறேன்' என்றார். 'காலையில ஒரு காப்பித் தண்ணி கூடக் குடிக்காதீங்கன்னு சொல்லியும் டீக்கடைக்குப் போய் நின்னீங்களே, அப்ப தெரியலியா?' 'நின்னேன், குடிக்கலை. செல்லக்கண்ணு கேட்டான், எங்க கெளம்பிட்டன்னு. வயித்துக்குள்ள படம் எடுக்கப் போறேன், நான்தான் ஹீரோன்னேன்.' அவள் மறுபடி எக்ஸ்ரே கவரைத் தொட்டுப் பார்த்தாள். வேறு ஒருத்தியாக இருந்தால் சிரித்திருக்க வேண்டிய இடம். நாற்பத்தாறு வருஷமாக இவர் சொல்வதற்கு அவள் சிரித்ததும் கிடையாது, நம்பினதும் கிடையாது, ஆனால் 'ம்க்கும்' என்று ஒரு சத்தம் போடுவாள், இவருக்கு அதுதான் கைதட்டல். மூன்று நாளாக அந்தச் சத்தமும் இல்லை. போன மாசம் ஒன்றுக்குப் போகையில் சிவப்பாக வந்ததைப் பார்த்துவிட்டு நடுங்கிப் போய் வந்து சொன்னபோது அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, 'போன வாரம் ஓடையில சிறுத்தை தண்ணி குடிச்சதுன்னீங்க, அந்தப் புளுகோட கொழுப்பு எறங்கியிருக்கும்' என்றாள். அவள்மேல் தப்பில்லை. பொய் சொல்லிச் சொல்லி ஊரைப் பழக்கி வைத்தவர் இவர்தானே. மூன்று நாளைக்கு முன்னால் இரண்டாம் தடவை வந்தபோது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அவள் பார்த்தாள், முறத்தைக் கீழே வைத்தாள், அன்றையிலிருந்து ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் நடக்கிறாள். எதிர்த்துப் பேசாத தையல்நாயகி, அது எக்ஸ்ரேயைவிட மோசமான சகுனம். அவள் வாயால் 'ம்க்கும்' என்று ஒருதரம் சொல்லிவிட்டால் உள்ளே இருப்பது கல்லுதான் என்று சத்தியம் பண்ணலாம்.

பொய் என்றால் சாதாரணப் பொய்யா. சோழ ராஜாவின் கப்பல் படை கடல் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டுத் திரும்புகையில், வழியில் பசிக்கு மூட்டை மூட்டையாகச் சிப்பி கட்டிக்கொண்டு வந்து, இந்த ஓடைக்கரையில் இறங்கிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு எச்சில் ஓட்டை வீசிவிட்டுப் போனார்கள், அதுதான் இது என்று மேடத்தின் காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் அதைப் பரீட்சையிலேயே எழுதிவிட்டானாம், மேடம் வந்து வாய்விட்டுச் சிரித்துச் சொன்னாள். அதெல்லாம் சில்லறை. ஆனால் ஒன்று இருக்கிறது, அவருடைய பொய்களுக்கெல்லாம் ராஜா. பெருமழை பெய்த ஒரு ஐப்பசியில் ஓடைக்கரை சரிந்து, இரண்டு ஓடும் பிரியாமல் மூடினபடியே ஒரு சிப்பி கிடைத்தது. அப்படிக் கிடைப்பது அபூர்வம். மேடம்தான் சொல்வாள், செத்த சிப்பி வாயைத் திறந்துடும், அலை ரெண்டு ஓட்டையும் பிரிச்சு எங்கெங்கேயோ போட்டுடும். மூடினபடியே கெடைச்சா, உசிரோட இருக்கும்போதே மேல சேறு வந்து மூடியிருக்கணும், திறக்க இடமில்லாமப் போயிருக்கணும். உயிரோடு. இந்த இடத்தை அவர் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவார். அந்தச் சிப்பியை அவர் உடைத்தார். உள்ளே தண்ணீர் இருந்தது. ஏழு கோடி வருஷத்துக் கடல் தண்ணீர், ஒரு மடக்கு, கண்ணாடி மாதிரி. கீழே ஊற்ற மனசு வராமல் குடித்தார். உப்புக் கரித்தது, ஆனால் இப்போதிருக்கிற உப்பு இல்லை, அது வேற மாதிரி உப்பு, நாக்கில் பட்டதும் உச்சந்தலையில் அலை அடித்தது. இதுதான் கதை. இதைச் சொல்லி எத்தனை டீ குடித்திருப்பார், எத்தனை பேர் வாயைப் பிளந்திருப்பார்கள். இப்போது தொல்லை என்னவென்றால், மூன்று நாளாக, ராத்திரி என்று இல்லை, பட்டப்பகலிலேயே அந்த உப்பு அவர் நாக்கில் கரித்தது. சொன்னது நினைவிருக்கிறது, சரி. ஆனால் குடித்ததும் நினைவிருக்கிறதே. ஓட்டின் விளிம்பு உதட்டில் உரசினதும், தொண்டைக்குள் சில்லென்று இறங்கினதும். பொய்யைச் சொல்லும்போது தொண்டை சில்லென்று ஆகுமா. ஒருவேளை நிஜமாகவே குடித்திருந்தால். குடித்திருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும், அதில் சுண்ணாம்பு இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத குஞ்சு ஒன்று மிதந்திருக்கும், கெட்டியான இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும், சாகிறவரைக்கும் இடம் மாறாது, ஏட்டு மேல ஏடு. அப்போது அது கல்லுமில்லை. வேற எதுவும். சீ, என்ன புத்தி இது, அங்கே தண்ணீரே இல்லையே, நாம் கட்டின கதைதானே என்று தள்ளினால், தள்ளின கை வழுக்கி மறுபடி அந்த உப்பிலேயே வந்து விழுந்தது. கட்டின கதை என்பதற்கு என்ன அத்தாட்சி. அவர்தான் சாட்சி. அவர் சாட்சியை எவன் நம்புவான், அவரே நம்ப மாட்டார்.

'ஐயா, ரொம்ப முட்டுதுங்களா?' என்று கேட்டது வலது பக்கத்து நாற்காலி. செந்துறைக்காரர், ஐம்பது வயசிருக்கும், வெள்ளை வேட்டியில் நெல் தூசி, கையில் பாதி காலியான பாட்டில். அவர் அடுத்த நம்பர். ஒவ்வொரு மடக்கையும் விஷம் மாதிரி பார்த்துப் பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். 'உங்களுக்கும் நிழலுங்களா?' என்றார் குரலைத் தாழ்த்தி. 'எனக்கு ரெண்டு நிழலுன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல இன்னும் சொல்லலை. தனியா வந்தேன்.' கலியபெருமாள் வாயைத் திறந்தார். இப்படிப்பட்ட இடத்தில் எடுத்துவிட அவரிடம் நூறு கதை உண்டு, இந்நேரம் அந்த மனுஷனைக் கையோடு சோழர் கப்பலில் ஏற்றியிருப்பார். ஒன்றும் வரவில்லை. பூட்டின கொட்டகை மாதிரி உள்ளே எல்லாம் இருட்டாக இருந்தது. 'கல்லாத்தான் இருக்கும்' என்றார், அதுவும் எவனோ சொல்லச் சொன்ன மாதிரி. செந்துறைக்காரர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மடக்குக்குப் போனார். மீன்தொட்டிச் சிப்பி குமிழியை விட்டது. கலியபெருமாள் இந்தப் பக்கம் திரும்பி, இதைக் கேட்கிறோமே என்று வெட்கமாக இருந்தாலும், சம்சாரத்தின் காதருகே குனிந்தார். 'தையலு, அந்த ஐப்பசி மழையில மூடின சிப்பி ஒண்ணு உடைச்சேனே, நீ சோத்துக் கேரியர் கொண்டாந்தே.' 'ம்.' 'நீ பக்கத்துல நின்னே.' 'நின்னேன்.' 'அதுல தண்ணி இருந்துச்சா? நான் குடிச்சேனா?' அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பைத்தியமா என்று கேட்கிற பார்வை பாதியில் நின்று, வேறு மாதிரி ஆயிற்று. 'மண்ணு' என்றாள். 'உள்ள மண்ணுதான் இருந்துச்சு. கெட்டிச் சேறு, கல்லாட்டம். நீங்க நகத்தால சொரண்டிப் பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்தீங்க. சோறு கூட சரியாத் திங்கலை.' 'ஒரு சொட்டு கூட இல்லியா?' 'மண்ணுங்க.'

மண். ஆமாம், மண்தான். இப்போது அதுவும் நினைவுக்கு வந்தது, அந்த நினைவு இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ. சாம்பல் கலர் சேறு, உள்ளே இருந்த உயிர் எந்த வடிவத்தில் படுத்திருந்ததோ அந்த வடிவத்திலேயே இறுகி, பல் எடுத்த தாடைக்குள் வைத்த அச்சு மாதிரி. சதை அழுகிப் போயிரும் பிள்ளைங்களா என்பாள் மேடம், சதை எப்பவும் கல்லாகறதில்ல, போன இடத்துல சேறு வந்து நிறைஞ்சுக்கும். மத்த கிளிஞ்சலெல்லாம் நாளாவட்டத்துல கரைஞ்சு அச்சுதான் மிஞ்சும், சிப்பி ஓடு கெட்டி ரகம், ஓடே அப்படியே நிக்கும். அவ்வளவு இறுக்கி மூடிப் பிடித்து, ஒரே தசையில் உயிரைப் பிடித்து, கடைசியில் அது காப்பாற்றி வைத்தது என்ன என்று பார்த்தால் ஒரு பிடி சேறு. அன்றைக்கு அதைப் பார்த்துத்தான் சோறு இறங்கவில்லை. அன்றைக்குச் சாயந்தரமே டீக்கடைக்குப் போய், கதையில் அந்தச் சிப்பிக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டார். ஊற்றினால்தான் வீட்டுக்குப் போக முடியும் போலிருந்தது. கலியபெருமாளுக்கு நிம்மதி வந்தது, பாதி நிம்மதி. குடிக்கவில்லை என்றால் சிப்பி இல்லை, சிப்பி இல்லை என்றால் கல்லும் இல்லையோ, கல்லு இல்லை என்றால். மறுபடியும் அங்கேயே வந்து நின்றது மாட்டுவண்டி. 'கலியபெருமாள்' என்று சிஸ்டர் கூப்பிட்டாள். எழுந்தார். எழுவதென்றால் சாதாரணமாக எழவில்லை, தலையில் நிறைகுடம் வைத்த பெண்பிள்ளை மாதிரி, முதுகை வளைக்காமல், மூச்சை விடாமல், முழங்காலை மட்டும் நீட்டி எழுந்தார்.

உள்ளே ஏசிக் குளிர் ஒரு அடி, வயிற்றில் பூசின பசை அதைவிடக் குளிராக இன்னொரு அடி. சின்ன வயசு டாக்டரம்மா, கண்ணாடி போட்டவள், கருவியை வைத்து அழுத்தினாள், அழுத்தக் கூடாத இடமாகப் பார்த்து அழுத்தினாள். 'மூச்சை இழுத்துப் பிடிங்க.' எதையெல்லாம்தான் பிடிப்பது. 'விடுங்க.' மூச்சை மட்டும்தான் சொன்னாள் என்பதை நல்லவேளையாக உடம்பு சரியாகப் புரிந்துகொண்டது. திரையில் சாம்பல் கலரில் சேறு நெளிந்தது. இதுதானா நான், அறுபத்தொன்பது வருஷமாக இதையா மூடிப் பிடித்திருந்தேன் என்று அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். மழைக்குப் பிறகான ஓடை மாதிரியே இருந்தது, எங்கேயாவது ஒரு சிப்பி தலை நீட்டும் என்று முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் கண் தேடியது. அவள் ஒரு இடத்தில் நின்றாள். மறுபடி அழுத்தினாள். நகர்ந்தாள். திரும்ப அதே இடத்துக்கு வந்தாள். அந்த மௌனம் எத்தனை நேரம் இருந்தது என்று கேட்டால், கலியபெருமாள் வேறு யாரிடமாவதென்றால் ஏழு கோடி வருஷம் என்பார், அதில் பெரிய பொய் இருக்காது. 'அம்மா' என்றார், குரல் அவருடையதாக இல்லை, 'கல்லுங்களா?' 'கல்லுதான் தாத்தா. பதினோரு மில்லிமீட்டர். பின்னாடி நிழல் நல்லா விழுது பாருங்க. வேற ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு.' அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, உடம்பில் இருக்கிற தண்ணீருக்கு அந்த ஒரு வழியாவது கிடைத்ததே என்று வந்திருக்கும். 'போய் யூரின் போயிட்டு வாங்க, காலியானப்புறம் இன்னொரு தடவை பாத்துடறேன்.' இதைவிட இனிப்பான வார்த்தையை அவர் கல்யாணத்தன்றைக்குக்கூடக் கேட்டதில்லை.

வெளியே வந்த வேகத்தில் தையல்நாயகியைத் தாண்டும்போது 'கல்லு' என்று ஒரே வார்த்தையைப் போட்டுவிட்டு ஓடினார். முதுகுக்குப் பின்னால் சத்தம் ஏதும் வரவில்லை, வந்திருந்தாலும் நிற்கிற நிலைமையில் அவர் இல்லை. அங்கே உள்ளே நின்ற நேரத்தைப் பற்றி விவரிப்பதற்கில்லை. கடல் வற்றி நிலமானது என்று மேடம் சொல்வாளே, அது இத்தனை ஆனந்தமாக நடந்திருக்கும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, ஊரில் போய் இந்தப் பதினோரு மில்லிமீட்டரை எத்தனையாக ஆக்கலாம், முதலில் நெல்லிக்காய், மாசக் கடைசியில் தேங்காய் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவர், வராந்தா திரும்பின இடத்தில் நின்றுவிட்டார். அவருடைய நாற்காலியில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். செந்துறைக்காரர் பக்கமாகச் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஆளுடைய பாட்டில் இன்னும் பாதியிலேயே இருந்தது. 'பொய் சொல்லலைங்க' என்று அவள் சொன்னாள், 'மூடின சிப்பி, ரெண்டு கையாலயும் பிடிக்கிற அளவு. நான்தான் சோத்துக் கேரியரோட பக்கத்துல நின்னேன். உடைச்சாரு பாருங்க, உள்ள தண்ணி. ஏழு கோடி வருஷமா அடைஞ்சு கெடந்த தண்ணி. குடிக்காதீங்க குடிக்காதீங்கன்னு கத்தறேன், மடமடன்னு குடிச்சுட்டாரு. அப்பேர்ப்பட்டதக் குடிச்ச மனுஷனுக்கே பாருங்க, இன்னைக்கு வெறும் கல்லுன்னுட்டாங்க. நீங்க வயக்காட்டுப் போர்த் தண்ணி குடிக்கிறவரு. உங்களுக்கு வேற என்ன வந்துடப் போவுது?' கொஞ்சம் நிறுத்தி, 'எம்மேல ரெண்டு சொட்டுத் தெறிச்சுது. சேலையில கறை இன்னும் போவல' என்றாள்.

சேலையில் கறை. இது அவருக்குத் தோன்றவேயில்லையே, இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட. கலியபெருமாள் வாய் திறந்தது திறந்தபடி நின்றார், ஒரே ஒரு தசை அது, அதுவும் விட்டுவிட்டது. செந்துறைக்காரர் அவரைப் பார்த்துவிட்டார். பயத்துக்கு மேலே இப்போது ஆசை வந்து உட்கார்ந்திருந்தது அந்த முகத்தில். 'நெசமாங்கய்யா? தண்ணி இருந்துச்சா?' கலியபெருமாள் சம்சாரத்தைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. மஞ்சள் பையின் வாயைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினாள், காது மடல் மட்டும் சிவந்திருந்தது. உள்ளேயிருந்து சிஸ்டர் ரெண்டாம் தடவையாக அவர் பேரைக் கூப்பிட்டாள். 'எனக்கு வயசாச்சுங்க, எதுவும் நெனவில்ல' என்றார் கலியபெருமாள் நிதானமாக. 'ஆனா இவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நாப்பத்தாறு வருஷத்துல எம் பொண்டாட்டி வாயில ஒரு பொய் வந்து நான் பாத்ததில்ல.'

'ம்க்கும்' என்றாள் தையல்நாயகி. செந்துறைக்காரர் பாட்டிலை அண்ணாந்து, மீதியை ஒரே மூச்சில் குடித்தார்.